லென்ஸ் தயார், தசைதான் கிடைக்கவில்லை

(ஆரணியில் நடந்த குறுவள மையக் கூட்டத்தில் அறிவியல் பட்டதாரி ஆசிரியர் ஒருவர் பேசியதன் எழுத்து வடிவம்)

முதலில் ஒரு சின்னக் கணக்கெடுப்பு. காலையில் செயலியில் வருகைப்பதிவு போடும்போது கைப்பேசியை ஒரு முழம் தள்ளிப் பிடிப்பவர்கள் கை தூக்குங்கள் பார்ப்போம். சரி, பாதிப் பேருக்கு மேல் இருக்கிறோம். என் கையும் மேலேதான் இருக்கிறது. இதை நம் பெரியவர்கள் வெள்ளெழுத்து என்றார்கள், சாளேசரம் என்றும் சொன்னார்கள். நாற்பதைக் குறிக்கும் 'சாலீஸ்' என்ற இந்திச் சொல்லிலிருந்து சாளேசரம் வந்தது என்பார்கள். பெயரிலேயே வயதைச் சொல்லிவிடுகிற நோய். உண்மையில் நோய்கூட இல்லை. நரை மாதிரி, எல்லோருக்கும் வருவது.

பத்தாம் வகுப்பில் ஒளியியல் பாடம் நடத்திக்கொண்டிருந்தேன். சிலியரித் தசை சுருங்கினால் விழிலென்ஸ் தடிக்கும், அருகில் இருப்பது தெரியும். தசை தளர்ந்தால் லென்ஸ் மெலியும், தொலைவில் இருப்பது தெரியும். இதுதான் ஏற்பமைவுத் திறன் என்று வழக்கம்போலப் படம் போட்டு முடித்தேன். ஒரு மாணவி எழுந்து கேட்டாள்: "சார், கண்ணுக்குள்ள இருக்கிற லென்ஸ் தானா மாறுதுன்னா, எங்க அப்பா போடுற கண்ணாடியும் தானா மாறுற மாதிரி செய்யக் கூடாதா?"

அவள் அப்பா பட்டு நெசவாளர். கண்ணாடியை மூக்கு நுனியில் நிறுத்தி, இழை பார்க்க ஒரு பார்வை, மேலே ஜக்கார்டு பெட்டியைப் பார்க்கக் கண்ணாடிக்கு மேலாக ஒரு பார்வை என்று நாள் முழுக்கத் தலையை ஆட்டிக்கொண்டிருப்பாராம். கழுத்து வலிக்குத் தைலம் தேய்ப்பது அவள் வேலை.

நல்ல கேள்வி, நாளைக்குச் சொல்கிறேன் என்றேன். நாம் எல்லோரும் சொல்வதுதான். ஆனால் இந்த முறை நான் தப்பித்துக்கொள்ள முடியவில்லை. காரணத்தைப் பின்னால் சொல்கிறேன்.

முதலில் தறியின் கணக்கைப் பார்ப்போம். அந்த மாணவியையும் இன்னும் இரண்டு நெசவாளர் வீட்டுப் பிள்ளைகளையும் அளவு நாடாவோடு வீட்டுக்கு அனுப்பினேன். அவர்கள் கொண்டுவந்த அளவுகள் வீட்டுக்கு வீடு கொஞ்சம் மாறினாலும் மொத்தத்தில் இப்படி இருந்தன: அறுந்த இழையை எடுத்து முடிய நெசவாளர் குனியும்போது கண்ணுக்கும் இழைக்கும் 30 சென்டிமீட்டர். நிமிர்ந்து உட்கார்ந்து நெய்யும்போது, ஊடை விழும் இடம் வரை 55 சென்டிமீட்டர். மேலே ஜக்கார்டு அட்டை வரை ஒன்றரை மீட்டர். டையாப்டர் என்பது மீட்டரில் சொன்ன தொலைவின் தலைகீழ்தானே? 30 சென்டிமீட்டருக்கு 3.3 டையாப்டர், 55-க்கு 1.8, ஒன்றரை மீட்டருக்கு 0.67. ஆக ஒரு நெசவாளருக்குத் தறியை விட்டு எழாமலே ஏறத்தாழ 2.7 டையாப்டர் ஏற்ற இறக்கம் தேவை.

பத்து வயதுப் பிள்ளையின் கண்ணுக்கு 12 டையாப்டருக்கு மேல் மாற்றிக்கொள்ளும் திறன் உண்டு. நாற்பதில் அது நான்கு, ஐந்து. அறுபதில் ஒன்று இருந்தாலே பெரிது. கடையில் வாங்கும் படிக்கிற கண்ணாடி இதில் ஒரு தொலைவை மட்டும் சரிசெய்யும். இருகுவியக் கண்ணாடி போட்டால்? கீழ்ப்பாதி அருகுக்கு, மேல்பாதி தொலைவுக்கு. குழித்தறியில் உட்கார்ந்தவர் பார்ப்பதெல்லாம் கீழ்நோக்கித்தான். நெய்யும் இடமும் முடிச்சு போடும் இடமும் இரண்டுமே கீழ்ப்பாதியில் விழும். கோடு தெரியாத, படிப்படியாகத் திறன் மாறும் விலை உயர்ந்த கண்ணாடியில் நடுவில்தான் தெளிவு, இரு ஓரங்களும் மங்கல். சேலையின் அகலமோ 45, 48 அங்குலம். நாடா இந்தக் கரையிலிருந்து அந்தக் கரைக்கு ஓட, அவர் கண்ணை ஓட்டினால் போதாது, தலையையே திருப்ப வேண்டும்.

ஆகவே அந்தப் பெண் கேட்டது விளையாட்டுக் கேள்வி இல்லை. உலகில் பல பேர் பல காலமாகக் கேட்டு வரும் கேள்விதான்.

இயற்பியலுக்கு 1968-ல் நோபல் பரிசு பெற்ற லூயிஸ் ஆல்வரெஸ் இதற்கு ஒரு வழி சொன்னார். அலைபோல வளைவு செதுக்கிய இரண்டு மெல்லிய தகடுகளை ஒன்றன்மேல் ஒன்று வைத்துப் பக்கவாட்டில் நகர்த்தினால், மொத்த லென்ஸ் திறன் மாறும். ஆக்ஸ்ஃபோர்டு பல்கலைக்கழக இயற்பியலாளர் ஜோஷுவா சில்வர் வேறு வழியில் போனார். 1985-ல் தொடங்கிய யோசனை அது. இரண்டு மெல்லிய படலங்களுக்கு நடுவே சிலிக்கோன் எண்ணெய். கண்ணாடிக் காம்பில் ஒரு சிரிஞ்சு. எண்ணெயை உள்ளே தள்ளினால் படலம் புடைத்துக் குவிலென்ஸ், வெளியே இழுத்தால் குழிந்து குழிலென்ஸ். போட்டுக்கொள்பவரே திருகித் திருகி, தெளிவாகத் தெரியும் இடத்தில் நிறுத்திக்கொள்ளலாம். கண் மருத்துவர் இல்லாத நாடுகளுக்கு என்று அவர் செய்தது. திறனை ஒருமுறை நிறுத்தியதும் சிரிஞ்சைக் கழற்றிவிடுவார்கள். அதாவது லென்ஸ் மாறக்கூடியது, ஆனால் மாற்றுவது விரல்.

இதோ இந்த வளையலைப் பாருங்கள். அகலமான பிளாஸ்டிக் வளையல். ஆரணிக் கடைத்தெருவில் வாங்கியது. இரு பக்கமும் தெளிவான பாலித்தீன் தாளை இழுத்து ஒட்டி, பக்கத்தில் ஒரு துளை போட்டு, 10 மில்லி சிரிஞ்சின் குழாயைச் செருகி எம்-சீல் வைத்து அடைத்திருக்கிறேன். நான்கு முறை ஒழுகியது; என் சட்டையைக் கேட்டால் சொல்லும். ஐந்தாவது நின்றது. உள்ளே தண்ணீர். சிரிஞ்சை அழுத்துகிறேன், அடியில் வைத்த செய்தித்தாள் எழுத்து பெரிதாகிறது. இழுக்கிறேன், சிறிதாகிறது. மூன்றாம் வகுப்புப் பிள்ளைக்கும் இது புரியும். தொடக்கப்பள்ளி ஆசிரியர்கள் டையாப்டரை விட்டுவிடுங்கள், வளையலை மட்டும் எடுத்துக்கொண்டு போங்கள்.

இப்போது இதைக் கண்ணாடி மாதிரி செங்குத்தாக நிறுத்துகிறேன். மேலே எழுத்து ஒரு மாதிரி, கீழே ஒரு மாதிரி தெரிகிறதா? தண்ணீரின் எடையால் கீழ்ப்பகுதி கூடுதலாகப் புடைக்கிறது. ஆழம் கூடினால் அழுத்தம் கூடும் என்று அணைக்கட்டுச் சுவரை வைத்து நடத்துவோமே, அதே கதை ஒரு வளையலுக்குள் நடக்கிறது. திரவக் கண்ணாடி செய்பவர்களுக்கு இது உண்மையான தலைவலி. படலத்தை நன்றாக விறைத்துக் கட்டினால் தொய்வு குறையும். ஆனால் விறைத்த படலத்தை அசைக்கக் கூடுதல் விசை வேண்டும். ஒன்றைப் பிடித்தால் இன்னொன்று கையை விட்டுப் போகிறது.

எவ்வளவு அசைக்க வேண்டும்? இதைக் கரும்பலகையிலேயே போடலாம். 30 மில்லிமீட்டர் அகலமுள்ள லென்ஸ், உள்ளே கிளிசரின், ஒளிவிலகல் எண் 1.47. ஒரு பக்கம் மட்டும் வளைகிறது என்று கொள்வோம். நம் தறிக்குத் தேவையான 2.7 டையாப்டருக்கு வளைவு ஆரம் 0.47-ஐ 2.7-ஆல் வகுத்தால் கிடைப்பது, ஏறத்தாழ 17 சென்டிமீட்டர். அப்படி வளைய, நடுப்பகுதி எவ்வளவு புடைக்க வேண்டும்? கணக்குப் போட்டால் 0.65 மில்லிமீட்டர். நகர வேண்டிய திரவம் கால் மில்லிலிட்டர்கூட இல்லை, நாலைந்து சொட்டு. இந்த விடை வந்தபோது என் வகுப்பில் ஒருவன் "இவ்ளோதானா சார்?" என்றான். எனக்கும் அப்படித்தான் தோன்றியது. ஒரு மில்லிமீட்டருக்கும் குறைவான அசைவு. அதற்கு இத்தனை வருடமா?

அந்த 0.65 மில்லிமீட்டரை அசைப்பது யார் என்பதுதான் சிக்கல். நம் கண்ணில் அது சிலியரித் தசை. கண்ணாடியில் அதற்கு ஈடான ஒன்று வேண்டும். பொறியாளர்கள் ஆக்சுவேட்டர் என்பார்கள். நாம் இயக்கி என்று வைத்துக்கொள்வோம். அது கண்ணாடிச் சட்டத்துக்குள் அடங்க வேண்டும், மூக்கு வலிக்காத எடை இருக்க வேண்டும், சத்தம் போடக் கூடாது, சூடாகக் கூடாது. எல்லாவற்றுக்கும் மேலாக, ஒரு சின்ன மின்கலத்தில் காலையிலிருந்து இரவு வரை ஓட வேண்டும்.

எவ்வளவு சின்ன மின்கலம்? காது கேட்கும் கருவியில் போடும் பொத்தான் மின்கலத்தை எடுத்துக்கொள்வோம். 1.4 வோல்ட், ஏறத்தாழ 160 மில்லி ஆம்பியர் மணி. பெருக்கினால் 0.22 வாட் மணி. நெசவாளர் 12 மணி நேரம் உட்கார்ந்தால் சராசரியாக 18 மில்லிவாட். நம் ஆய்வகத்தில் எரியும் சிவப்பு எல்.இ.டி. ஒன்றே 40 மில்லிவாட் வாங்கும். அதில் பாதியை வைத்துக்கொண்டு இரண்டு லென்ஸ்களை அசைக்க வேண்டும், தொலைவை அளக்க வேண்டும், கணக்குப் போடவும் வேண்டும்.

இங்கேதான் எனக்குப் பிடித்த இடம் வருகிறது. புத்தகப் பையைத் தூக்கிக்கொண்டு அசையாமல் நின்றால் செய்த வேலை என்ன என்று கேட்போம். விசை உண்டு, இடப்பெயர்ச்சி இல்லை, ஆகவே வேலை பூஜ்ஜியம். "அப்ப ஏன் சார் கை வலிக்குது?" என்று ஒவ்வொரு ஆண்டும் ஒருவர் கேட்பார், நாமும் ஏதோ சொல்லி நகர்ந்துவிடுவோம். திரவக் கண்ணாடியின் முழுச் சிக்கலும் அந்தக் கேள்விக்குள் இருக்கிறது. படலத்தை 0.65 மில்லிமீட்டர் தள்ளக் கொஞ்ச ஆற்றல் போதும். தள்ளியபின் அதே இடத்தில் பிடித்து வைத்திருக்க வேண்டுமே? நெசவாளர் ஒரு முடிச்சைப் பத்து நொடி பார்ப்பார், ஊடை விழும் இடத்தை ஒரு மணி நேரம் பார்ப்பார். மின்காந்தச் சுருள் வைத்து இழுத்தால், பிடித்திருக்கும் நேரம் முழுவதும் மின்னோட்டம் ஓடிக்கொண்டே இருக்க வேண்டும். பயனுள்ள வேலை பூஜ்ஜியம்; கம்பி மட்டும் சூடாகும். நம் கைத்தசைக்கும் ஏறத்தாழ அதே கதிதான். ஆகவே வேண்டியது, தள்ளும்போது மட்டும் மின்சாரம் வாங்கி, பிடிக்கும்போது வாங்காத இயக்கி.

மோட்டாரும் திருகும் வைத்தால் பிடித்து வைக்க மின்சாரம் வேண்டாம். திருகு தானாக நகராது. ஆனால் பல்சக்கரம், எடை, சத்தம், தேய்மானம். நிக்கல்–டைட்டானியம் கலந்த வடிவ நினைவுக் கம்பி உண்டு, சூடேற்றினால் சுருங்கும். கண்ணுக்குப் பக்கத்தில் ஒரு அடுப்பு! ஆறுவதற்கும் நேரமாகும். மின்னழுத்தத்தால் திரவத் துளியின் வடிவத்தையே மாற்றும் முறை ஒன்று. அதன் வேர் காப்ரியேல் லிப்மன் 1875-ல் கண்ட விளைவு. தசையே வேண்டாம், மின்சாரமும் மிகக் குறைவு. சிறு கேமராக்களில் இன்று பயன்படுகிறது. ஆனால் அந்தத் துளி சில மில்லிமீட்டர் அகலம்தான். கண்ணாடி அளவுக்குப் பெரிதாக்கினால், துளியைக் கட்டிப்பிடித்திருக்கும் பரப்பு இழுவிசையைப் புவியீர்ப்பும் குலுக்கலும் வென்றுவிடும்.

மிஞ்சுவதில் நல்லது நம் சமையலறையில் இருக்கிறது. கேஸ் அடுப்பு பற்றவைக்கும் லைட்டர். உள்ளே இருக்கும் பீசோ படிகத்தைச் சுத்தியல் அடித்தால் மின்னழுத்தம் பிறந்து பொறி பறக்கிறது. அதைத் திருப்பிப் போடுங்கள்: மின்னழுத்தம் கொடுத்தால் படிகம் கொஞ்சம் நீளும். பாட்டுப் பாடும் வாழ்த்து அட்டையில் இருக்கும் மெல்லிய வட்டத்தகடும் இதே இனம்தான். அதில் ஒரு எல்.இ.டி.யை இணைத்து விரலால் சுண்டினால் மினுக்கென்று எரியும். செய்து காட்ட ஐந்து நிமிடம் போதும். இந்தப் பொருள் மின்தேக்கி மாதிரி. மின்னூட்டம் ஏறும்போதுதான் ஆற்றல் வாங்கும். ஏறியபின் கசிவைத் தவிரச் செலவில்லை. பிடித்து வைக்க மின்சாரம் வேண்டாத தசை! குறையும் உண்டு. அது நீளுவது தன் நீளத்தில் ஆயிரத்தில் ஒரு பங்கு அளவே. அதனால் மெல்லிய பட்டையாகச் செய்து, வேறொரு பட்டையோடு ஒட்டிவிடுவார்கள். ஒன்று நீள, மற்றது நீளாமல் நிற்க, இரண்டும் சேர்ந்து வளையும். சூடான ஈருலோகப் பட்டை வளைவதை இஸ்திரிப்பெட்டி வைத்து நடத்துகிறோமே, அதேதான். சின்ன நீட்சி, பட்டையின் நுனியில் பெரிய அசைவாகிவிடும். இன்னொரு குறை, இதற்குப் பத்து வோல்ட் கணக்கிலும் நூறு வோல்ட் கணக்கிலும் மின்னழுத்தம் வேண்டும். ஒன்றரை வோல்ட் மின்கலத்திலிருந்து அதை ஏற்றித்தரும் சுற்றும் கொஞ்சம் தின்னும்.

அமெரிக்காவின் யூட்டா பல்கலைக்கழகத்தில் கார்லோஸ் மாஸ்ட்ராஞ்செலோ என்ற பேராசிரியரும் நஸ்முல் ஹசன் என்ற ஆய்வு மாணவரும் குழுவாகச் சேர்ந்து இந்த வழியில்தான் ஒரு கண்ணாடி செய்து, 2017 ஜனவரியில் வெளியிட்டார்கள். கிளிசரின் நிரப்பிய லென்ஸ், முன்னும் பின்னும் வளையும் படலம், பின்படலத்தைத் தள்ளி இழுக்க ஒரு லென்ஸுக்கு மூன்று பீசோ பட்டைகள். மூக்குப் பாலத்தில் அகச்சிவப்புக் கதிர் அனுப்பித் தொலைவை அளக்கும் கருவி. எதைப் பார்க்கிறோமோ அதற்கு ஏற்ப 14 மில்லிநொடியில் குவியம் மாறும். நாம் கண் சிமிட்டும் நேரத்தைவிடப் பல மடங்கு குறைவு. ஒருமுறை மின்னேற்றினால் 24 மணி நேரத்துக்கு மேல் ஓடும் என்றார்கள். படத்தில் பார்த்தால் சட்டம் முரட்டுத்தனமாக இருக்கும். நீச்சல் கண்ணாடி மாதிரி. மூன்று ஆண்டில் சந்தைக்கு வரலாம் என்று அப்போது பேச்சு. இத்தனை ஆண்டுகள் ஆகியும் நம் ஊர்க் கடைகளுக்கு வரவில்லை. ஆய்வகத்தில் ஓடுவதை மெலிதாக, லேசாக, மலிவாக ஆக்குவதற்குள் காலம் ஓடிவிடுகிறது.

இதில் ஒரு முரண் உண்டு, பிள்ளைகளிடம் சொன்னால் மறக்க மாட்டார்கள். வயதானால் நம் கண்ணில் தசையைவிட லென்ஸ்தான் முதலில் கைவிடுகிறது, அது இறுகிப்போகிறது. தசை இழுக்கத் தயார், லென்ஸ் வளையத் தயாரில்லை. கண்ணாடி செய்பவர்களிடம் தலைகீழ். வளையும் லென்ஸ் கையில் இருக்கிறது, தசைதான் இல்லை.

இனி நான் தப்பித்துக்கொள்ள முடியாத காரணம். என் அப்பாவும் நெசவாளர். கட்டம் போட்ட பட்டுச் சேலை நெய்தவர். கட்டத்துக்குக் கட்டம் ஊடையின் நிறம் மாற வேண்டும், இழைக் கணக்குத் தவறக் கூடாது. ஐம்பது வயதுக்குப் பக்கத்தில் கணக்குத் தவற ஆரம்பித்தது. சேலையில் குறை என்று கூலியில் பிடித்தார்கள், இரண்டு முறை, மூன்று முறை. "கண்ணு போச்சுப்பா" என்று சொல்லிக் கட்டச் சேலையை விட்டுவிட்டு, கூலி குறைந்த வெறும் சேலைக்கு மாறினார். அதையும் சில ஆண்டுகளில் நிறுத்திவிட்டார். கை அப்போதும் நன்றாகத்தான் இருந்தது. நான் பி.எட். முடித்து வேலையில் சேர்ந்து, வகுப்பில் ஒளியியல் நடத்திக்கொண்டிருந்த காலம் அது. ஏற்பமைவுத் திறன் குறைபாடு, திருத்தும் முறை, குவிலென்ஸ் என்று ஐந்து மதிப்பெண் விடை எழுத வைத்தேன். வீட்டில் அப்பா கண்ணு போச்சு என்றபோது, வயசாகிவிட்டது என்று நானும் நினைத்தேன். அவருடைய கண் எங்கேயும் போகவில்லை. சாதாரணக் குவிலென்ஸ் ஒன்று போதுமாக இருந்தது. அதைப் பல ஆண்டுகள் கழித்து, கண்புரைக்குக் காட்டப் போன இடத்தில் மருத்துவர் சொல்லித்தான் தெரிந்துகொண்டேன்.

அஸ்ஸாமில் தேயிலை பறிக்கும் 40 வயதைக் கடந்த 751 பேரை வைத்து ஓர் ஆய்வு நடந்தது, 2018-ல் வெளியானது. ஒரு பாதியினருக்கு அருகுப்பார்வைக் கண்ணாடி உடனே கொடுத்தார்கள், மறுபாதியினருக்கு ஆய்வு முடிந்தபின். கண்ணாடி போட்டவர்கள் பறித்த இலை, போடாதவர்களோடு ஒப்பிட ஏறத்தாழ 22 விழுக்காடு கூடுதலாக உயர்ந்தது. மின்கலம் இல்லை, இயக்கி இல்லை. ஒரே குவியம் கொண்ட சாதாரணக் கண்ணாடி. தேயிலைக் கொழுந்துக்கே இப்படி என்றால் பட்டு இழைக்கு என்ன சொல்வது? உலகச் சுகாதார நிறுவனத்தின் 2019 அறிக்கைப்படி, வெள்ளெழுத்துக்குத் தகுந்த கண்ணாடி கிடைக்காமல் உலகில் 82 கோடிப் பேருக்கு மேல் இருக்கிறார்கள்.

தானே மாறும் கண்ணாடி வரும் என்றே நான் நம்புகிறேன். மதுரையில் அரவிந்த் மருத்துவமனையைச் சேர்ந்த அரோலேப் 1992 முதல் கண்ணுக்குள் வைக்கும் லென்ஸை இங்கேயே செய்து விலையைப் பல மடங்கு இறக்கிக் காட்டியது. அப்படி ஒருவர் பீசோ தசையையும் மலிவாக்குவார்; அவர் இன்று நம் வகுப்பில் இருக்கலாம். அதுவரை நெசவாளர் காத்திருக்க வேண்டியதில்லை. கண்ணொளி காப்போம் திட்டத்தில் நம் மாணவர்களின் பார்வையைச் சோதிக்கிறோம். அவர்களை அழைத்துவரும் அப்பா அம்மாவிடம் "ஊசியில் நூல் கோர்க்க முடிகிறதா?" என்று நாம் கேட்பதில்லை. நான் இப்போது பெற்றோர் கூட்டத்தில் ஓர் ஊசியும் நூலும் மேசைமேல் வைத்துவிடுகிறேன். முடியாதவர்களை மருத்துவமனைக்கு அனுப்புகிறேன். சர்க்கரை, கண் அழுத்தம் போன்ற வேறு கோளாறுகளும் அங்கே தெரிந்துவிடும் என்பதால், கடையில் நேராக வாங்கச் சொல்வதில்லை. தறியில் வேலை செய்பவர் என்றால், 30, 55 என்று தறி அளவுகளைச் சீட்டில் எழுதிக் கொடுக்கச் சொல்கிறேன். படிக்கும் தொலைவுக்கு மட்டும் கண்ணாடி எழுதினால் ஊடை விழும் இடம் மங்கும்.

அந்த மாணவியின் அப்பா இப்போது இரண்டு கண்ணாடி வைத்திருக்கிறார். ஒன்று முடிச்சுக்கு, ஒன்று நெய்வதற்கு. மாற்றி மாற்றிப் போடுவது தொல்லை என்று திட்டிக்கொண்டேதான் போடுகிறாராம். மகள் வளையல் லென்ஸைக் கொண்டுபோய்க் காட்டியிருக்கிறாள். சிரிஞ்சை அழுத்திப் பார்த்துவிட்டு, "இதுக்கு ஒரு மிதி வச்சா நான் காலாலயே மாத்திக்குவேனே" என்றாராம். இயக்கிக்கு மின்சாரமே வேண்டாம், கால் போதும் என்கிறார். ஜக்கார்டையே காலால் ஓட்டுகிறவர் அல்லவா? அந்த மிதியைச் செய்து பார்க்க இரண்டு மாணவர்கள் கிளம்பியிருக்கிறார்கள். குழாய் இன்னும் ஒழுகிக்கொண்டுதான் இருக்கிறது.

வளையல், தாள், சிரிஞ்சு எல்லாம் இந்த மேசையில் பத்துப் பேருக்கு வைத்திருக்கிறேன். வாருங்கள், தேநீர் வருவதற்குள் ஆளுக்கு ஒன்று செய்து பார்ப்போம். வெள்ளைச் சட்டை போட்டவர்கள் கொஞ்சம் தள்ளி நில்லுங்கள்.